ஓர் இலாகாவின் ஆராய்ச்சி, மற்றோர் இலாகாவின் செலவு

நிலத்தடி நீரை ஆராய வந்த ஒரு விஞ்ஞானக் குழுவுக்கு, மாவட்டத்திலுள்ள வேறோர் இலாகா தன் ஜீப் வண்டியையும் ஓட்டுநரையும் பத்து நாட்களுக்குக் கொடுத்து உதவுகிறது எனக் கொள்க. வேலை நன்கு முடிகிறது. குழுவினர் நன்றி கூறிப் புறப்பட்டுச் செல்கின்றனர். ஆண்டிறுதியில் கணக்கு முடிக்கும்போது, வண்டியைக் கொடுத்த அலுவலகத்தில் எரிபொருள் செலவு ஒதுக்கீட்டை மீறி நிற்கிறது. அத்தொகையை விஞ்ஞானக் குழுவின் இலாகாவிடம் கேட்கலாமா? கேட்பதானால் எரிபொருளுக்கு மட்டும் கேட்பதா, ஓட்டுநரின் பத்து நாள் சம்பளத்தையும் சேர்ப்பதா? தேய்ந்த டயருக்கு யார் பொறுப்பு? இரண்டும் ஒரே சர்க்காரின் இலாகாக்கள்தாமே. ஒரு பையிலிருந்து எடுத்து மறு பையில் போடுவதற்கு இத்தனை கடிதப் போக்குவரத்து எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு.

ஜீப் வண்டியின் அளவில் இக்கேள்விகள் சிறியனவாகத் தோன்றலாம். ஆனால் வண்டியின் இடத்தில் ஒரு பெருங்கப்பலை வைத்துப் பார்த்தால், இவற்றுக்குத் தரப்படும் விடையைப் பொறுத்தே ஆராய்ச்சி நடப்பதும் நின்றுபோவதும் அமையும் என்பது தெளிவாகும். ஓர் இலாகா மற்றோர் இலாகாவின் ஆராய்ச்சிக்கு உதவி, அதற்கான செலவைத் திரும்பப் பெறுவதைச் ‘செலவு ஈடு’ என்று இக்கட்டுரை குறிப்பிடுகிறது. அதன் அடிப்படையும், கணக்கிடும் முறைகளும், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் துருவக் கப்பல்கள் அளித்த அனுபவமும் இங்கு விளக்கப்படுகின்றன.

ஒரே கருவூலம், தனித்தனி ஒதுக்கீடு

அரசாங்கத்தின் பணம் ஒரே கருவூலத்தில் இருப்பினும், அதைச் செலவிடும் அதிகாரம் பிரித்தே வழங்கப்படுகிறது. இந்திய அரசியலமைப்பின் 266ஆம் பிரிவின்படி, சட்டத்திற்கு இணங்கவும் அரசியலமைப்பில் கூறப்பட்ட நோக்கங்களுக்காகவும் முறைகளிலும் அன்றித் தொகுப்பு நிதியிலிருந்து பணம் எடுக்க இயலாது. ஒவ்வோர் அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையும் மக்களவையில் தனித்தனியே வாக்குக்கு வருகிறது. அமெரிக்க அரசியலமைப்பின் முதற் பிரிவிலும், சட்டத்தால் ஒதுக்கப்பட்டாலன்றிக் கருவூலத்திலிருந்து பணம் எடுக்கலாகாது என்ற விதி உள்ளது.

இதன் விளைவு கவனிக்கத்தக்கது. ஓர் இலாகா தன் ஒதுக்கீட்டைப் பிறிதோர் இலாகாவின் வேலைக்குச் செலவிட்டால் இரண்டு குறைகள் நேர்கின்றன. ஒன்று, அந்த இலாகாவுக்கென விதிக்கப்பட்ட பணி அந்த அளவுக்குக் குறைகிறது. மற்றொன்று, உதவி பெற்ற இலாகா, சட்டமன்றம் தனக்கு அனுமதித்த தொகைக்கு மேல் மறைமுகமாகச் செலவிட்டதாகிறது. ஓர் ஆராய்ச்சிக்கு உண்மையில் எவ்வளவு செலவாயிற்று என்பதும் எந்தக் கணக்கிலும் முழுமையாகத் தெரியாமற் போகிறது. ஆகவே செலவு ஈடு கேட்பது நட்பற்ற செயலுமன்று, இலாபம் தேடுவதுமன்று. எந்த வேலைக்கு எவ்வளவு செலவாயிற்று என்ற உண்மையைக் கணக்கில் பதிக்கும் வழி அது.

1932ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம்

பொருளாதார மந்தம் கடுமையாக இருந்த 1932ஆம் ஆண்டில், அமெரிக்கக் காங்கிரஸ் சிக்கனச் சட்டம் ஒன்றை இயற்றியது. ஓர் இலாகாவிடம் ஏற்கெனவே உள்ள ஆட்களையும் கருவிகளையும் மற்றோர் இலாகா உபயோகித்துக்கொண்டால், ஒரே பொருளை இருமுறை வாங்கும் வீண்செலவு குறையும் என்பது அதன் கருத்து. அச்சட்டத்தின்படி ஓர் இலாகா மற்றோர் இலாகாவுக்கு வேலை உத்தரவு கொடுக்கலாம்; வேலையின் ‘உண்மைச் செலவை’ முன்கூட்டியோ, வேலை முடிந்த பின்போ செலுத்தலாம்.

இதில் நுணுக்கமான ஓர் ஏற்பாடும் உண்டு. பொது விதிப்படி, அமெரிக்க அரசு இலாகா ஒன்று பெறும் எத்தொகையும் நேரே கருவூலத்தில் சேர வேண்டும். அதைத் தன் ஒதுக்கீட்டோடு சேர்த்துக்கொள்ளுதல் கூடாது. சிக்கனச் சட்டம் இதற்கு விலக்களிக்கிறது. அதன்கீழ் வரும் ஈட்டுத் தொகை, வேலை செய்த இலாகாவின் ஒதுக்கீட்டிலேயே மீண்டும் வரவு வைக்கப்படுகிறது. இவ்விலக்கு இல்லையேல், உதவிய இலாகாவின் பணம் கருவூலத்திற்குத் திரும்புமேயன்றி அந்த இலாகாவுக்குத் திரும்பாது.

‘உண்மைச் செலவு’ என்பது எது என்பதில் நெடுநாள் ஐயம் இருந்தது. வேலையோடு நேரே தொடர்புடைய செலவுடன், அவ்வேலைக்குக் குறிப்பிடத்தக்க தொடர்புள்ள மறைமுகச் செலவும் அதில் அடங்கும் என 1978ஆம் ஆண்டில் அந்நாட்டுத் தலைமைக் கணக்காயர் ஒரு தீர்ப்பில் தெளிவுபடுத்தினார்.

மூன்று கணக்குகள்

இவ்வேறுபாட்டை ஒரு கற்பனைக் கணக்கால் எளிதில் விளக்கலாம். ஓர் இலாகாவிடம் ஒரு கப்பல் உள்ளது. அது கரையில் நின்றாலும் கடலில் ஓடினாலும், மாலுமிகளின் சம்பளம், பழுதுபார்ப்பு, துறைமுக வாடகை ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு 12 கோடி ரூபாய் ஆகிறது. இது நிலைச் செலவு. கடலில் ஓடும் ஒவ்வொரு நாளும் எரிபொருள் முதலியவற்றுக்கு மேலும் 4 இலட்சம் ரூபாய் ஆகிறது. இது கூடுதற் செலவு. கப்பல் ஆண்டில் 200 நாட்கள் ஓடுகிறது. அவற்றில் 50 நாட்கள் வேறோர் இலாகாவின் ஆராய்ச்சிக்குத் தரப்படுகின்றன.

முதல் முறையில் கூடுதற் செலவு மட்டும் கேட்கப்படுகிறது. 50 நாட்களுக்கு 2 கோடி ரூபாய். அதாவது நாளொன்றுக்கு 4 இலட்சம்.

இரண்டாம் முறையில் நிலைச் செலவின் பங்கும் சேர்க்கப்படுகிறது. 200 நாட்களில் 50 நாட்கள் என்பது நான்கில் ஒரு பங்கு. ஆகவே 12 கோடியில் 3 கோடியும், கூடுதற் செலவான 2 கோடியும் சேர்ந்து 5 கோடி. நாளொன்றுக்கு 10 இலட்சம்.

மூன்றாம் முறையில், கப்பல் ஆராய்ச்சிக்கென்றே இருக்கிறது எனக் கருதி, நிலைச் செலவு முழுவதும் ஆராய்ச்சி இலாகாவின் மீது சுமத்தப்படுகிறது. அப்போது 14 கோடி. நாளொன்றுக்கு 28 இலட்சம்.

கப்பலும் அதுவே, 50 நாட்களும் அவையே. ஆயினும் கேட்கப்படும் தொகை ஏழு மடங்கு வரை வேறுபடுகிறது. முதல் முறை ஆராய்ச்சியாளருக்கு எளிது. ஆனால் கப்பலைக் காப்பாற்றும் பாரம் முழுவதும் உரிமையாளரின் தலையில் நிற்கிறது. மூன்றாம் முறையில் உரிமையாளருக்குக் கவலையில்லை. ஆனால் நாளொன்றுக்கு 28 இலட்சம் தரவேண்டிய ஆராய்ச்சி இலாகா, வேறெங்கேனும் குறைந்த வாடகைக்குக் கப்பல் கிடைக்குமா என்று தேடத் தொடங்கும். அது கிடைத்துவிட்டால் சொந்தக் கப்பல் துறைமுகத்தில் கிடந்து பழுதடையும். இது வெறும் கற்பனையன்று. ஏறத்தாழ இவ்வாறே ஒரு நிகழ்ச்சி அமெரிக்காவின் துருவ ஆராய்ச்சியில் நடந்தது.

தென் துருவத்தில் கடற்படையும் விஞ்ஞானமும்

1957ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் 1958ஆம் ஆண்டு டிசம்பர் வரை சர்வதேசப் புவிப்பௌதிக ஆண்டு நடைபெற்றது. பன்னிரண்டு நாடுகள் அண்டார்டிகாவில் ஆராய்ச்சி நடத்தின. அமெரிக்கக் கடற்படை 1955ஆம் ஆண்டிலேயே அங்குக் கப்பல்களை அனுப்பி, மக்மர்டோவிலும் தென் துருவத்திலும் நிலையங்கள் அமைக்க உதவியது. 1959ஆம் ஆண்டில் கையெழுத்தான அண்டார்டிக் உடன்படிக்கை, அக்கண்டத்தில் இராணுவ நடவடிக்கைகளைத் தடைசெய்கிறது. ஆயினும் விஞ்ஞான ஆராய்ச்சிக்கும் ஏனைய சமாதான நோக்கங்களுக்கும் இராணுவத்தின் ஆட்களையும் கருவிகளையும் உபயோகிக்க அனுமதிக்கிறது. ஆகவே ஆராய்ச்சியைத் தேசிய விஞ்ஞான நிறுவனம் நடத்த, அதற்கு வேண்டிய கப்பலையும் விமானத்தையும் கடற்படை தந்தது.

தொடக்கத்தில் கடற்படை தன் ஒதுக்கீட்டிலிருந்தே இப்பெருஞ் செலவை ஏற்றது. 1971ஆம் ஆண்டில் இம்முறை மாற்றப்பட்டு, அண்டார்டிகத் திட்டம் முழுவதற்கும் நிதி கோரி நிர்வகிக்கும் பொறுப்பு தேசிய விஞ்ஞான நிறுவனத்திற்கு அளிக்கப்பட்டது. 1982ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் வெளியான ஜனாதிபதியின் குறிப்பாணை அதை உறுதிசெய்தது. பாதுகாப்பு இலாகாவும், அக்காலத்தில் கடலோரக் காவற்படையைத் தன்கீழ்க் கொண்டிருந்த போக்குவரத்து இலாகாவும், விஞ்ஞான நிறுவனம் கேட்கும் உதவியைச் செலவு ஈட்டின் பேரில் தர வேண்டும் என்று அது கூறியது. செலவு குறையுமாயின், நாட்டு நலனுக்கு ஊறின்றி, வாடகை வசதிகளை உபயோகிக்கவும் அது விஞ்ஞான நிறுவனத்திற்கு இடமளித்தது. இவ்விரு வாசகங்களும் பின்னர் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள உதவும்.

ஒரு வாய்க்காலை நம்பிய நிலையம்

மக்மர்டோ நிலையத்திற்கு வேண்டிய எரிபொருளும் சரக்கும் பெரும்பாலும் கப்பலிலேயே வருகின்றன. தென் துருவ நிலையத்துக்குச் செல்லும் பொருள்களும் மக்மர்டோ வழியாகவே செல்கின்றன. ஆண்டுதோறும் கோடைப் பருவத்தில், உறைந்த கடலில் பனிக்கட்டியை உடைத்து ஒரு வாய்க்கால் திறந்தாலன்றி எண்ணெய்க் கப்பலும் சரக்குக் கப்பலும் நிலையத்தை அணுக இயலாது.

அமெரிக்கக் கடற்படையின் பனியுடைப்புக் கப்பல்கள் 1960களின் நடுவில் கடலோரக் காவற்படைக்கு மாற்றப்பட்டன. பின்னர்ப் ‘போலார் ஸ்டார்’ 1976ஆம் ஆண்டிலும் ‘போலார் ஸீ’ 1978ஆம் ஆண்டிலும் அப்படையின் பணியில் சேர்ந்தன. ஒவ்வொன்றும் 399 அடி நீளம் உடையது. 75,000 குதிரைத் திறன் வரை தரும் சுழலிகள் கொண்டது. ஆறடிப் பனியை நில்லாமல் உடைத்துக்கொண்டு செல்லவல்லவை இவை. இவற்றின் ஆயுள் 30 ஆண்டுகள் என மதிப்பிடப்பட்டிருந்தது.

அந்த 30 ஆண்டுகள் முடியும் தறுவாயில் ஒரு சோதனை வந்தது. 2000ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ராஸ் பனித்தட்டிலிருந்து பி-15 என்னும் பிரம்மாண்டமான பனிப்பாறை பிரிந்தது. அதன் பரப்பு சுமார் 11,000 சதுரக் கிலோமீட்டர். அதன் துண்டுகள் ராஸ் தீவின் அருகே தங்கி, மக்மர்டோ வளைகுடாவின் பனிக்கட்டி வழக்கம்போல் உடைந்து வெளியேறாதபடி தடுத்தன. ஆண்டுக்கு ஆண்டு பனி தடித்தது. வாய்க்கால் திறக்கும் வேலை கடினமாயிற்று. வயதான கப்பல்களின் தேய்மானமும் பழுதுபார்க்கும் செலவும் கூடின. ‘போலார் ஸீ’ பழுதுக்காக நிறுத்தப்பட்டிருந்த நிலையில், 2005ஆம் ஆண்டு தொடக்கத்தில் ரஷ்யாவின் ‘கிராசின்’ கப்பல் வாடகைக்கு அமர்த்தப்பட்டு ‘போலார் ஸ்டா’ருக்குத் துணையாக வேலை செய்தது.

பணம் இடம் மாறியபோது

அதுவரை நிலைச் செலவு கடலோரக் காவற்படையின் ஒதுக்கீட்டில் இருந்தது. ஆராய்ச்சிக்குக் கப்பல் செல்லும் நாட்களின் செலவுக்கு விஞ்ஞான நிறுவனம் ஈடு செலுத்தி வந்தது. பழுதுச் செலவு பெருகிய நிலையில், கப்பல்களை மிகுதியும் உபயோகிப்பது விஞ்ஞான நிறுவனமே என்ற வாதம் வலுப்பெற்றது. 2006ஆம் நிதியாண்டிலிருந்து, இக்கப்பல்களை இயக்கவும் பராமரிக்கவும் வேண்டிய சுமார் 4 கோடியே 80 இலட்சம் டாலர் விஞ்ஞான நிறுவனத்தின் வரவு செலவுத் திட்டத்திற்கு மாற்றப்பட்டது. கப்பலும் மாலுமிகளும் கடலோரக் காவற்படையினுடையவை. பணமோ விஞ்ஞான நிறுவனத்தினுடையது. செலவு முழுவதையும் கடலோரக் காவற்படை இனி ஈடாகவே பெற வேண்டும்.

மேலே கண்ட மூன்றாம் முறை இவ்வாறு நடைமுறைக்கு வந்தது. விளைவும் விரைவில் தெரிந்தது. ஆராய்ச்சிப் பணத்தைக் காக்கும் கடமையுடைய விஞ்ஞான நிறுவனம், தனக்கு உடனே தேவைப்படாத கப்பலுக்குச் செலவிட முன்வரவில்லை. 2006ஆம் ஆண்டில் ‘போலார் ஸ்டார்’ குறைந்த ஆட்களின் காவலில் ஸியாட்டில் துறைமுகத்தில் நிறுத்தப்பட்டது. அதை அடுத்த பருவத்திலிருந்து ஸ்வீடன் நாட்டின் ‘ஓடன்’ கப்பல் மக்மர்டோவின் வாய்க்கால் பணிக்கு அமர்த்தப்பட்டது.

இதில் எந்த இலாகாவையும் குற்றம் கூறுவதற்கில்லை. விஞ்ஞான நிறுவனம் ஒரு டாலரில் எவ்வளவு ஆராய்ச்சி கிடைக்கும் என்று பார்த்தது. அது அதன் கடமை. கடலோரக் காவற்படைக்கோ மீட்பு, கண்காணிப்பு முதலிய வேறு கடமைகளும் உண்டு; ஆனால் அவற்றுக்கென்று கப்பலைத் தயாராக வைத்திருக்கப் பணமில்லை. ஒவ்வொருவரும் தத்தம் கணக்கைச் சரியாகவே போட்டனர். நாட்டின் தேவை மட்டும் எவர் கணக்கிலும் ஏறவில்லை.

அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றம் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை இந்நிலையை ஆராய்ந்தது. நிதிப் பொறுப்பை மாற்றியதால் நிர்வாகச் சிக்கல் மிகுந்தது என்றும், பொறுப்பும் அதிகாரமும் பொருந்தாமற் போயின என்றும் அது கண்டது. கப்பல்களை இயக்கிப் பராமரிக்கப் போதிய நிதி கடலோரக் காவற்படைக்கே அளிக்கப்பட வேண்டும்; குறிப்பிட்ட பணிக்காகக் கப்பலைக் கேட்கும் இலாகாக்கள் அப்பணியின் கூடுதற் செலவை ஈடுசெய்ய வேண்டும் என்பது அதன் பரிந்துரை.

அதன் பின் நடந்தவை இப்பரிந்துரையின் அவசியத்தைக் காட்டின. 2010ஆம் ஆண்டில் ‘போலார் ஸீ’ எஞ்சின் பழுதால் செயலிழந்தது. 2011ஆம் ஆண்டில், தன் கடற்பகுதியில் குளிர்காலப் பனி கடுமையாக இருந்ததால் ஸ்வீடன் ‘ஓடன்’ கப்பலைத் தர மறுத்தது. விஞ்ஞான நிறுவனம் அவசரமாக ஒரு ரஷ்யக் கப்பலைத் தேடி அமர்த்த நேர்ந்தது. நிறுத்தி வைத்திருந்த ‘போலார் ஸ்டா’ரை மீண்டும் கடலுக்கு ஏற்றதாக்க 5 கோடி டாலருக்கும் மேல் செலவாயிற்று. 2014ஆம் ஆண்டு தொடக்கத்தில் அது மீண்டும் மக்மர்டோவில் வாய்க்கால் திறந்தது. பராமரிப்பு நிதியும் கடலோரக் காவற்படையின் ஒதுக்கீட்டிற்கே திரும்பியது. புதிய கனரகப் பனியுடைப்புக் கப்பல் கட்டுவதற்கான ஒப்பந்தம் 2019ஆம் ஆண்டில்தான் செய்யப்பட்டது.

இந்திய விதிகள் கூறுவது

இந்தியாவின் அண்டார்டிக ஆராய்ச்சியும் வாடகைக் கப்பலோடுதான் தொடங்கியது. 1981ஆம் ஆண்டு டிசம்பரில் கோவாவிலிருந்து டாக்டர் எஸ். இஸட். காசிம் தலைமையில் புறப்பட்ட முதற் குழு, நார்வேயிலிருந்து அமர்த்திய ‘போலார் சர்க்கிள்’ கப்பலிற் சென்றது. 1989ஆம் ஆண்டில் அமைந்த மைத்ரி நிலையமும், 2012ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பாரதி நிலையமும் பல இலாகாக்களின் ஆட்கள் கூடி உழைக்கும் இடங்கள். ஆகவே செலவு எவருடையது என்ற கேள்வி இந்நாட்டிற்கும் புதிதன்று.

1990ஆம் ஆண்டின் அரசாங்கக் கணக்கு விதிகள் இலாகாக்களை இரு வகையாகப் பிரிக்கின்றன. ஆட்சிக் கடமைகளை நிறைவேற்ற அமைந்தவை சேவை இலாகாக்கள். ரயில்வே, அஞ்சல் போன்று கட்டணத்தின் பேரில் சேவை புரிபவை வாணிப இலாகாக்கள். ஒரு சேவை இலாகா, தான் எக்கடமைக்காக அமைக்கப்பட்டதோ அவ்வகையைச் சேர்ந்த உதவிக்கு, தனி உத்தரவு இருந்தாலன்றி, மற்றோர் இலாகாவிடம் கட்டணம் கேட்கலாகாது. வாணிப இலாகா சாதாரணமாகக் கட்டணம் கேட்கும்; தான் பெற்ற உதவிக்குக் கட்டணம் தரும். மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் இடையிலான உதவியாயின், இரு தரப்பும் ஒப்புக்கொண்டபடி கணக்குத் தீர்க்கப்படும்.

இதிலிருந்து, ஈடு கேட்குமுன் எழுப்ப வேண்டிய முதற் கேள்வி தெளிவாகிறது. செய்த உதவி, அந்த இலாகாவின் வழக்கமான கடமைக்குள் அடங்குவதா, அதற்கு அப்பாற்பட்டதா? தொடக்கத்தில் கூறிய ஜீப் வண்டிக்கும் விடை இதிலேதான் இருக்கிறது.

களப்பணியாளர் கவனத்திற்கு

உதவி கேட்டுவரும் குழுவைக் காக்க வைத்தல் முறையன்று. எனினும் வண்டி புறப்படுமுன் ஒரு பக்கக் கடிதத்தில் பின்வருவனவற்றை எழுதி, இரு தரப்பு அதிகாரிகளும் கையொப்பமிடுதல் நலம்.

1. உதவி எது, எத்தனை நாட்களுக்கு, எந்த ஆராய்ச்சிக்கு என்பது.

2. எரிபொருள், பயணப்படி, கூலி முதலிய கூடுதற் செலவை ஏற்பவர் யார் என்பது.

3. சம்பளம், தேய்மானம் ஆகிய நிலைச் செலவில் பங்கு உண்டா, இல்லையா என்பது. உண்டாயின் எந்த அளவையில் என்பது.

4. கருவி பழுதானால் பொறுப்பு யாருடையது என்பது.

5. கணக்கு எந்தத் தேதிக்குள் அனுப்பப்படும் என்பது. நிதியாண்டு முடிவதற்குள் அது தீர்வது அவசியம்.

நாட்குறிப்பில் வண்டி ஓடிய தூரத்தையும் எரிபொருள் அளவையும் அன்றன்றே குறித்து வருதல் வேண்டும். ஈடு கேட்காத உதவியாயினும் இக்குறிப்பு பயன்படும். அடுத்த ஆண்டு ஒதுக்கீடு கேட்கும்போது அதுவே சான்றாகும்.

ஆசிரியர்கள் இப்பாடத்தை வகுப்பில் ஒரு கணக்காகவே நடத்தலாம். மேற்கூறிய கப்பலையே 80 நாட்கள் ஆராய்ச்சிக்குக் கொடுத்தால், மூன்று முறைகளிலும் நாள் வாடகை என்னவாகும் என்று கேட்கலாம். 4 இலட்சம், 10 இலட்சம், 19 இலட்சம் என்பன விடைகள். முதலிரண்டு முறைகளில் வாடகை மாறாமல் இருக்க, மூன்றாவதில் மட்டும் 28 இலட்சத்திலிருந்து 19 இலட்சமாகக் குறைவதேன் என்று மாணவர்கள் சிந்திக்கட்டும். நிலைச் செலவு முழுவதையும் ஒருவரே சுமக்கும்போது, அவர் உபயோகிக்கும் நாட்கள் குறையக் குறைய நாள் வாடகை ஏறிக்கொண்டே போகும். ஏறிய வாடகை நாட்களை மேலும் குறைக்கும். ‘போலார் ஸ்டார்’ கரையில் நின்றதன் காரணம் இச்சிறு கணக்கிலேயே அடங்கியிருக்கிறது. ஒரு சாதனத்தைத் தயாராக வைத்திருக்கும் செலவு அதன் உரிமையாளரின் ஒதுக்கீட்டிலும், அதை இயக்கும் கூடுதற் செலவு கேட்டவரின் ஒதுக்கீட்டிலும் நின்றால், சாதனமும் நிலைக்கும், ஆராய்ச்சியும் நடக்கும்.